சாமி மேடைக்குக் கீழே ஒரு கேமிங் கணினி

டிவியோடு இணைத்து விளையாட கன்சோல் போதும் என்றாள் என் தங்கை. வீட்டில் கல்லூரிவரை படித்த முதல் ஆள் நான்தானே. விளையாட்டுக்கும் அவள் படிப்புக்கும் கணினியே மேல் என்று வாதாடினேன். சிரம்பானில் ஒரு கடையில் பழைய கேமிங் கணினி வாங்கி, எங்கள் எஸ்டேட் வீட்டு ஹாலில், சாமி மேடைக்குக் கீழே வைத்தேன்.

சில மாதங்களில் அது விளையாட்டின் நடுவே தானாக அணைய ஆரம்பித்தது. கடைசியில் ஓடவே இல்லை. தங்கை அந்த வாரம் ஒப்படைக்க வேண்டிய கட்டுரை உள்ளே மாட்டிக்கொண்டது.

"கன்சோலா இருந்தா விளையாட்டு மட்டும்தான் போயிருக்கும்லா. இப்ப என் கட்டுரையும் போச்சுண்ணே!"

கடைக்காரர் பழுதான பாகத்தை என் தலையில் கட்டிவிட்டார் என்றே நம்பினேன். கணினியைத் தூக்கிக்கொண்டு போய், "என் கண்ணு முன்னாலயே திறங்க பாஸ்" என்றேன். எதையாவது மாற்றிவிடுவாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூடியைக் கழற்றியதும் சாம்பிராணி வாசம் வந்தது. உள்ளே சூட்டைத் தணிக்கும் காற்றாடி முழுக்கக் கரியும் விபூதியும் அப்பிக் கிடந்தன.

"என்னா தம்பி, உள்ளயே பூசை பண்றீங்களா?"

வெள்ளிதோறும் அம்மா காட்டும் புகையையும் மேடையிலிருந்து உதிரும் விபூதியையும் காற்றாடி இழுத்து இழுத்து அடைத்துக்கொண்டிருக்கிறது. சுத்தம் செய்ததும் கணினி ஓடியது, கட்டுரையும் கிடைத்தது. அங்கே வைத்திருந்தால் கன்சோலுக்கும் இதே கதிதான்.

இப்போது எது பழுதானாலும், யாரையும் சந்தேகப்படுமுன் மூடியைத் திறந்து பார்க்கிறேன். கணினியை மேடையிலிருந்து தள்ளி வைத்துவிட்டேன். அம்மா சாம்பிராணி போட்டால் கணினியை அணைத்து, துணி போர்த்துகிறேன்.

"ஏன்டா, உன் சாமிக்கு மட்டும் புகை ஆகாதா?" என்கிறார் அம்மா.