திரையோரத்துக் கை

வெட்டிச் சுருக்கி வெளியிட்ட ஒரு படத்தை, இயக்குநர் எடுத்தபடி முழுதாக வெளியிடச் சொல்லி நெல்லையில் நாங்கள் ரசிகர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். எங்களில் அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒரே ஒருவர்தான். கழுத்துப் பித்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டை. கோஷம் போடமாட்டார். பேனரின் ஒரு முனையைப் பிடித்தபடி நிற்பார். அடிக்கடி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார்.

ஒருநாள் செல்போனில் படத்தை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்திக் காட்டினார். மணிமுத்தாறு அணைக்கரையில் கூட்டமாக ஆட்கள் நடந்துபோகும் காட்சி. திரையோரத்தில் பச்சை வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரிந்தது.

"எம் வீட்டுக்காரி, தம்பி. கூட்டத்தோட நடக்கக் கூப்பிட்டாங்க. அடுத்த அடியில முகம் வந்துரும். அதுக்குள்ள வெட்டிட்டாங்க. அவ போய்ச் சேந்து நாலு வருசம் ஆச்சு."

முழுப் படம் ஒருவழியாக வெளியானது. அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நீங்க பாத்துட்டு வாங்க தம்பி. இப்ப வரப்போறவ மாதிரி அந்த ஓரத்துலயே நிக்கா. முழுசா வந்துட்டா, நடந்து அந்தப் பக்கமாப் போயிருவால்லா?"

தனியாகத்தான் படம் பார்த்தேன். பச்சை வளையல் திரைக்குள் வந்ததும், ஏனோ கண்களை மூடிக்கொண்டேன்.