கண்ணாடியை இறக்கினால் போதும்

பேத்துப்பாறையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலையில், மூடுபனிக்குள்ளிருந்து ஒரு கை நீள்கிறது. போலீஸ். காரை ஓரம்கட்டுகிறேன்.

எங்கள் ஊரில் போலீஸ் கைகாட்டினால் ஓட்டுநர் இறங்கி, ஆர்.சி. புத்தகத்தோடு ஓடிப்போய் அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தால் அது திமிர். எனக்கு அறவே பிடிக்காத வழக்கம்தான். ஆனாலும் கால் தானாக இறங்கிவிடுகிறது. அந்த அவசரத்தில் ஹேண்ட் பிரேக் போட மறந்துவிடுகிறேன்.

கார் மெல்லப் பின்னால் உருள்கிறது. உள்ளே இருக்கும் மனைவி, "ஏங்க, வண்டி போகுது" என்கிறாள். பாய்ந்து ஏறி பிரேக்கை மிதிக்கிறேன். அதற்குள் மழைக்கோட்டு அணிந்த பெண் காவலர் ஒருவர் ஓடி வந்து, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டார்.

திட்டு விழப்போகிறது என்று காத்திருக்கிறேன்.

"மலையில எறங்காதீங்க சார். கண்ணாடிய மட்டும் எறக்குங்க, நாங்களே வாரோம். போன வாரம் ஒரு கார் இப்படித்தான் உருண்டு, முள்ளுக்குள்ள கெடந்துச்சு."

"எறங்கலைன்னா மரியாதை இல்லைன்னு நெனப்பீங்களே?"

"மொதல்ல பிரேக்குக்கு மரியாதை குடுங்க."

சிரிக்காமல் சொல்லிவிட்டு, லைசென்ஸைப் பார்த்துத் திருப்பித் தருகிறார்.

பின்னால் இன்னொரு கார் வந்து நிற்கிறது. கதவு திறந்து, ஒரு கால் அவசரமாக வெளியே வருகிறது. நான் தலையை நீட்டிச் சொல்கிறேன்: "உள்ளயே இருங்க. அவங்களே வருவாங்க."

நம்பாமல் கொஞ்சம் நின்ற அந்தக் கால், மெல்ல உள்ளே போகிறது.