மாமா சட்டைப்பையில் உப்புப் பொட்டலம்

மிளகும் மல்லியும் வறுபடுற வாசம்... தொட்டில்ல கிடக்குற பாப்பா தும்முவா. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு வருசத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக் காலை.

பாப்பாவுக்கு அப்போ ஆறு மாசம். என் மாமனாருக்குத் தலை சுத்தல்னு டாக்டர்கிட்ட போனோம். பிரஷர் நூத்தி எழுபது. மாத்திரை எழுதிக் குடுத்துட்டு, "உப்பைப் பாதியாக் குறைங்க. அடுத்த மாசம் பார்ப்போம்"னார்.

மாமாவுக்குத் தாயில்பட்டி பக்கம் பட்டாசு கம்பெனியில வேலை. சாயங்காலம் அவர் வீடு வர்ற வரைக்கும் எனக்கு உசுரே இருக்காது. இதுல பிரஷர் வேறயா? பயந்துபோய் அப்பளம், ஊறுகாய், காராச்சேவு எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்தினேன். குழம்புலயும் உப்பு பேருக்குத்தான்.

மாமா எப்பவும் போல சாப்பாடு எடுத்துக்கிட்டு வேலைக்குப் போனார். தூக்குவாளி தினமும் காலியாத்தான் வந்துச்சு. ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்...

பத்தாம் நாள் மாட்டினார்.

கம்பெனி கேட்ல தீப்பெட்டி, பீடி இருக்கான்னு தடவிப் பார்ப்பாங்க. அன்னைக்கு மாமா சட்டைப்பையில ஒரு பொட்டலம். உள்ள வெள்ளைத் தூள். பட்டாசு கம்பெனியில வெள்ளைத் தூள்னா வெடிமருந்தாச்சே, சும்மாவா? போர்மேன் ஓடி வந்திருக்கார்.

"என்னண்ணே, எந்த மருந்து இது?"

மாமா ஒரு சிட்டிகை எடுத்து வாயில போட்டுக் காட்டினாராம். "உப்புய்யா. மருமக போட மாட்டேங்குது."

சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. பக்கத்து வீட்டு மாரியக்காவும் அதே கம்பெனிதான். தண்ணி பிடிக்கிற இடத்துல, "ஏத்தா, வீட்டுல உப்பு இல்லன்னா எங்கிட்ட வாங்கிக்கிடக் கூடாதா?"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணீக? எனக்கு எம்புட்டு பயம் தெரியுமா?"

"கோவிச்சுக்கிடாத தாயி. நாக்குல ஒண்ணுமே தட்டுப்படல. நான் என்ன செய்ய?"

அப்பத்தான் உறைச்சது. உப்பை எடுத்தேனே தவிர, அந்த இடத்துல வேற எதையும் வைக்கலையே.

மறுநாள் மிளகு, சீரகம், மல்லி வறுத்துப் பொடிச்சேன். மிளகு தூக்கலாகி மாமாவுக்கு விக்கலே வந்துடுச்சு. அடுத்த நாள் மிளகைக் குறைச்சு, பூண்டை நல்லெண்ணெயில சிவக்க வதக்கினேன். பருப்பை இறக்கினப்புறம் எலுமிச்சை. கடைசியில டீஸ்பூன்ல அளந்து உப்பு. தொட்டுக்க, கறிவேப்பிலையும் எள்ளும் வறுத்து உப்பே போடாம ஒரு பொடி.

ஒரு வாரம் இருக்கும். மாரியக்கா டப்பாவோட வாசல்ல நிக்கிறாங்க. மதியம் எல்லாரும் மரத்தடியில ஒண்ணா சாப்பிடுவாங்களாம். மாமா கொண்டு போன பொடி அவருக்கே மிஞ்சலையாம்.

"இதுல உப்பே இல்லைன்னு உங்க மாமா அடிச்சுச் சொல்லுதாரு. மெய்யாவா?"

"ஒரு கல்லு கூட இல்லக்கா."

"பெறகு எப்படித்தா இப்படி இழுக்குது? இதுல கொஞ்சம் போடு."

டப்பா நிறையப் போட்டுக் குடுத்தேன்.

மாசக் கடைசியில பிரஷர் நூத்தி முப்பத்தஞ்சு. "மாத்திரையும் கேக்குது, சாப்பாடும் கேக்குது. இப்படியே போகட்டும்"னார் டாக்டர். மாமா மீசைக்குள்ள சிரிச்சார். பாப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டு, ரேங்க் வாங்கினவ மாதிரி வெளிய வந்தேன்.

அந்த மாசத்தை இப்போ நெனச்சா... டீஸ்பூனைப் பிடிச்சுக்கிட்டு நின்ன அந்தப் பொண்ணைப் பார்க்கப் பாவமா இருக்கு.

போன வாரம் சிவகாசியில ஒரு கல்யாண வீடு. பந்தியில என் பக்கத்துல மாமா. சாம்பார் சோத்தை ஒரு வாய் வெச்சவர் அப்படியே முழிச்சார். என் பக்கம் சாஞ்சு, மெதுவா,

"என்ன தாயி... உப்பை அள்ளிக் கொட்டியிருக்கான். இதை எப்படித்தான் திங்காகளோ."