முடிச்சுப் போட்ட மாதங்கள்

கரையோர ஊர்களில் திரட்டிய மீன்பிடித் தகவல்களை வரைபடமாக்குவதுதான் திருகோணமலை நகரத்து அலுவலகமொன்றில் எனக்கும் கூட இருக்கும் பிள்ளைக்கும் வேலை. கிண்ணியாவிலிருந்து வரும் அவள் என்னைவிட இளையவள். என்னை அக்கா என்பாள். வரைபடங்களைச் சனங்கள் திரும்பியும் பார்ப்பதில்லை என்று, சல்லி என்ற ஊரின் மீனவர் மண்டபத்தில் வைக்கத் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாக ஆளுக்கொன்று செய்யச் சொன்னார்கள்.

நான் மாதத்துக்கொரு மரக்கட்டை செய்தேன். மீன் கூடப் பட்ட மாதத்துக்கு உயரமான கட்டை. தச்சரோடு கூடவே நின்று, மணற்தாளால் தேய்த்து, நீலம் பூசினேன். அவள் பழைய வலைக்கயிறுகளைக் கம்பொன்றில் தொங்கவிட்டாள். மாதத்துக்கொரு கயிறு, தோணிகள் கடலுக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முடிச்சு. இவ்வளவுதானா என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

மண்டபத்துக்கு வந்தவர்கள் என் கட்டைகளை "நல்ல வடிவு" என்றுவிட்டுக் கயிறுகளுக்குப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. கருவாடு காயப்போட்ட கையோடு வந்த ஒருத்தி, முடிச்சுக் குறைந்த கயிற்றைத் தடவினாள்.

"இது மார்கழிதானே? இந்த மனுசனை வீட்டுக்குள்ள வச்சுக்கொண்டு நான் பட்ட பாடு!"

"கடல் அடிச்சால் நான் என்னப்பா செய்யிறது?" என்றார் அவளுடைய புருஷன். மண்டபமே சிரித்தது. என் வைகாசிக் கட்டையின்மேல் யாரோ தேநீர்க் கோப்பையை வைத்திருந்தார்கள். அதைத் துடைக்கிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: "அக்கா, உங்கட கட்டை மாதிரி எனக்குச் செய்ய ஏலாது."

மனதாரத்தான் சொன்னாள். அதனால் கோபிக்கவும் வழியில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தேன்.

பிறகு குச்சவெளிக்கும் கயிறுகள் கேட்டார்கள். கட்டைகளை யாரும் கேட்கவில்லை. அவளுக்கு உதவியாக என்னைப் போட்டார்கள். நான் போட்ட முடிச்சுகள் இழுத்தால் நழுவின. அவள் ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

குச்சவெளியிலும் சனம் கயிறுகளைச் சுற்றி நின்றது. ஒரு பெரியவர் கேட்டார்: "ஆர் பிள்ளையள் இதைச் செய்தது?"

"அக்காவும் நானும்" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். "ஓம்" என்றேன். அவள் தானாகத் தூக்கித் தந்த அந்தப் பாதிப் புகழ்தான் எல்லாவற்றையும்விட எரிந்தது.