அக்காவின் மாத்திரை அட்டை

எங்கள் அத்தைக்குச் சந்தேகம் வெற்றிலை மாதிரி; அது வாயில் இல்லாத நேரம் குறைவு. அப்பா துபாயில் இருந்ததால் வீட்டுக் காவலும் அத்தையிடம்தான். பால்காரர் முதல் பக்கத்து வீட்டுக் கோழி வரை மென்று முடித்து, கடைசியில் அக்காவிடம் வந்து சேர்ந்தார்.

அக்கா அப்போது பத்தாம் வகுப்பு. தீட்டுக்கு ஒதுங்கியவள் மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். மறுநாளே திரும்ப ஒதுங்கினாள். கோயில் திருவிழாவே முடிந்துவிட்டது, அவள் தட்டும் பாயும் பின்கட்டை விட்டு வரவில்லை.

"வேலைக்குப் பயந்துக்கிட்டு நடிக்கிறா" என்றார் அத்தை.

முகம் வெளுத்து, சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் அம்மா அவளைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். உறைவதில் கோளாறில்லை, தைராய்டும் இல்லை. ரத்தம்தான் ரொம்பக் குறைவு.

"வயசுக்கு வந்த புதுசுல சில புள்ளைங்களுக்குக் கருமுட்டை மாசாமாசம் ஒழுங்கா வெளியாகாதும்மா. அதான் இப்படி நிக்காமப் போகுது. மாத்திரை தாரேன், நடுவுல நிறுத்திறாதீங்க."

மாத்திரையில் ரத்தப்போக்கு நின்றது. அக்கா வீட்டுக்குள் வந்தாள். அட்டை அத்தையின் கண்ணில் பட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவை அடுப்படிக்கு இழுத்தார்.

"இது புள்ள உண்டாகாம இருக்க எனக்குக் கொடுத்த மாத்திரைல்ல? கட்டிக்கொடுக்காத புள்ளைக்கு இது எதுக்கு?"

"டாக்டரம்மாதான் கொடுத்தாங்க."

"ஒம்மக அவங்ககிட்ட என்னத்தச் சொன்னாளோ!"

அட்டை வெந்நீர் அடுப்புக்குள் போனது. அன்று முதல் அக்கா போகுமிடமெல்லாம் நான் துணை. யார் யார் அவளிடம் பேசினார்கள் என்று வந்து சொன்னால் அத்தை முறுக்கு தருவார். சொன்னேன்: கண்டக்டர், கணக்கு டீச்சர், ஐஸ் விற்கும் தாத்தா. அத்தை அந்தத் தாத்தாவுக்கு என்ன வயதிருக்கும் என்றுகூட விசாரித்தார்.

அந்த வாரமே ஆவுடையார்கோவில் பஸ் நிறுத்தத்தில் அக்கா சரிந்தாள். சீருடையெல்லாம் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். டாக்டரம்மா அம்மாவை ஒரு பிடி பிடித்தார். "யாரு நிறுத்தச் சொன்னது? அதே மாத்திரைதான். இந்தப் புள்ளைக்கு அது ரத்தத்தை நிறுத்துற மருந்து!"

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை மின்விசிறியைப் பார்த்தார்.

எல்லோரும் வெளியே போனதும், படுத்திருந்த அக்கா மெல்லக் கேட்டாள்: "அத்த தேடுற ஆளக் கண்டுபுடிச்சிட்டியாடி?"

"யாரக்கா?"

சிரித்தாள். பிறகு ஏனோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐஸ் தாத்தாவைத்தான் கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, "அவரு இன்னக்கி வரலக்கா" என்றேன்.