அப்பாவின் தோள்துண்டும் ஓர் இங்கிலீஷ் சொல்லும்

எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் இருந்த பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு ஒழுங்காக மெயில் எழுத எங்களுக்கு வரவில்லை என்று முதலாளி முடிவு கட்டியிருந்தார். ரிடையரான வாத்தியார் ஒருவரைப் பிடித்துப் போட்டார். அவருக்கோ மெயிலை விடப் பழைய சொற்களின் மேல்தான் ஆசை.

ஒருநாள் போர்டில் 'டாஃப்' என்று எழுதினார். உடம்பில் போட்டிருப்பதைக் கழற்றுவது என்று அர்த்தம். கோட்டுக்கும் சொல்லலாம், தொப்பிக்குத்தான் அதிகம். போட்டுக்கொள்வதற்கு 'டான்'. இப்போது பேச்சில் யாரும் சொல்வதில்லை, கதைப் புத்தகத்தில் வரும், பேப்பர்காரர்கள் தலைப்பில் போடுவார்கள் என்றார். ஒருவரைப் பாராட்டும்போது 'உனக்காகத் தொப்பியை எடுக்கிறேன்' என்று சொல்லவும் இதே சொல்தானாம். முன்பு நூல் மில்லில் இருந்த ஒருத்தி, "ஏனுங் சார், நூல் ரொம்புன பாபினைக் கழட்டறதுக்கு மில்லுல டாபிங்னுதானுங்களே சொல்லுவோம்" என்றாள். "அதே சொல்தாம்மா!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார். பண்ணாடியைக் கண்டால் என் அப்பா துண்டை டாஃப் செய்கிறார் என்று நான் எழுதினேன். வாத்தியார் சிரித்துவிட்டார்.

"துண்டுக்கெல்லாம் இதைச் சொல்ல மாட்டாங்கம்மா. தொப்பிக்குத்தான்."

"வெள்ளைக்காரர் தொப்பிய எடுத்தா, எதுக்கால வர்றவரும் எடுப்பாருங்களா சார்?"

"எடுப்பார். ரெண்டு பேரும் திரும்பப் போட்டுக்கிட்டு அவங்கவங்க வழியில போயிருவாங்க. மரியாதைதானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவிகளா, அவர் எடுத்தால் இவரும் எடுப்பாராமே! எங்கள் ஊரில் எந்தப் பண்ணாடி எங்களைக் கண்டு எதை எடுத்தார்?

பண்ணாடி என்றால் நிலத்துக்காரர். எங்கள் சாதிக்காரர்கள் அவரை அப்படித்தான் கூப்பிட வேண்டும். அவிநாசிப் பக்கம் அவருடைய தோட்டத்தில் அப்பா சின்ன வயதிலிருந்து வேலை பார்த்தார். எங்கள் வீடும் அந்தத் தோட்டத்து ஓரத்தில், அவர் நிலத்தில்தான் இருந்தது. பெரியவர் செத்து, மகன் பண்ணாடியாகியிருந்தார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அப்பாவுக்கோ அறுபது. அந்த ஆள் "ஏன்டா" என்பார். அப்பா தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, "சாமி" என்பார். பார்த்துப் பார்த்து என் வயிறு எரிந்ததுதான் மிச்சம். ஆபீஸுக்குப் பக்கமாக மண்ணரையில் நான் இருந்த வாடகை வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று எத்தனை தடவை கூப்பிட்டேன். அம்மாவைப் புதைத்த இடத்தை விட்டு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

அந்தத் தை மாதம் எனக்குக் கல்யாணம் முடிவாயிற்று. குலசாமிக்கு ஒரு பத்திரிகை வைத்துவிட்டால், அடுத்தது பண்ணாடி வீட்டுக்குத்தான் போக வேண்டும். நானும் வருகிறேன் என்றேன். ஆனால் ஒன்று, துண்டு தோளில்தான் இருக்க வேண்டும்.

"ஒரே ஒரு நாளைக்குங்கப்பா. என்ற கல்யாணத்துக்காவ."

"செரி கண்ணு" என்றார். என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து வரும்போதும் ஒருமுறை கேட்டேன். "செரீங்கறனல்ல, ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.

கேட்டைத் தாண்டியதும் செருப்பு போயிற்று. நாலு எட்டு வைப்பதற்குள் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. கல்யாணத்துக்கென்று வாங்கிய புதுத் துண்டு, மடிப்புக்கூடக் கலையவில்லை. அதை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு குனிந்து நிற்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது. பண்ணாடி சேரில் சாய்ந்தபடி பத்திரிகை வைத்த தட்டை வாங்கிக் கீழே வைத்தார். அவர் கையில் எவர்சில்வர் டம்ளர். எங்களுக்கு டீ, குடித்துவிட்டு எறிகிற பிளாஸ்டிக் கப்பில் வந்தது.

"துண்டப் போட்டுக்கடா. இப்பெல்லாம் நாங்க அதப் பாக்கறமா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"இருக்கட்டுங்க சாமி" என்றார் அப்பா.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. டீயை அப்படியே கீழே வைத்தேன். அப்பாவின் அக்குளிலிருந்து துண்டை உருவி, உதறி, அவர் தோளில் போட்டேன். போட்டுவிட்டு, அவர் கை மறுபடி மேலே போகாதபடி பிடித்துக்கொண்டேன்.

பண்ணாடியின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்க்கவே இல்லை. "புள்ளைய நல்லாத்தான் வளத்தி வெச்சிருக்கற" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். வெற்றிலையும் பத்திரிகையும் தட்டோடு தரையில் கிடந்தன.

அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வாய்க்கால் திருப்பத்தில் "நிறுத்து" என்றார். இறங்கி, வந்த வழியே விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார்.

"எங்கீங்கப்பா போறீங்க?" என்று கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுக்கு முன்னால் அவர் துண்டை எடுப்பது அங்கிருந்தே தெரிந்தது. வண்டியைப் போட்டு மிதிக்கலாம் போலிருந்தது. யார் மேல் கோபம் என்று என்னை அப்போது யாராவது கேட்டிருந்தால் அவர்களையும் அடித்திருப்பேன்.

கால் மணி நேரம் கழித்து வந்தார். முகம் தெளிந்திருந்தது. "கல்யாணத்துக்கு வர்றேன்னுட்டாங்க. ஊட்டக் காலி பண்றதப் பத்தியும் ஒண்ணும் பேசுல" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

பின்னால் ஏறி உட்கார்ந்து வேட்டியை ஒதுக்கிக்கொண்டார். "நாலு எழுத்துப் படிச்ச திமுருங்க சாமி, படிக்க வெச்சது தப்புத்தான், மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னன். வேறென்ன சொல்லோணும்? வண்டிய எடு."

பத்தாவதோடு நின்று பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்று அழுதவள் நான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மறுபடி பள்ளிக்கூடத்தில் விட்டவர் அவர்.