அரைக் குளிசை

நெடுந்தீவில் உப்பும் சீனியும் கைமாற்று வாங்குவதுபோல நாங்கள் மருந்துக் குளிசையும் வாங்குவோம். வாடைக்காற்று எழும்பிக் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் யாழ்ப்பாணத்து இதயக் கிளினிக்குக்குப் போக வழியில்லை. அதனால் ஊரில் யாருக்கு என்ன நோய் வருத்தம், யார் என்ன குளிசை போடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். வருத்தத்தை ஒளித்தவனுக்கு வாடையில் குளிசை கிடையாது என்று என் மனிசன் பகிடி விடுவார்.

இவருக்கும் பக்கத்து வளவு அண்ணைக்கும் ஒரே நெஞ்சு வருத்தம், ஒரே குளிசை. கிளினிக்குக்கும் ஒன்றாகத்தான் போய் வருவார்கள். போன வருட வாடையில் இவருடைய குளிசை முடிந்துபோக, நான்தான் கல்வேலிக்கு மேலால் கைநீட்டி அண்ணையிடம் வாங்கினேன். பிறகு திருப்பிக் கொடுக்கப் போனபோது, "விடும் தங்கச்சி, ரெண்டும் ஒரே நெஞ்சுதானே" என்றார்.

இந்த வருடம் வாடை தொடங்கும் தறுவாயில் அண்ணை போய்விட்டார். விடிய முற்றம் கூட்ட வந்த அவர் மனிசி, கதிரையில் சாய்ந்திருந்தவரைத் தொட்டுப் பார்த்துத்தான் அறிந்தா. அவவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

செத்த வீட்டுக் குளிசையை எங்களூரில் எறிவதில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிய, அதே வருத்தக்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்போது படகும் நின்றிருந்தது. இவருடைய குளிசை முடியும் நிலை. மாடு அவிழ்க்கப் போனாலே மனிசனுக்கு மூச்சு வாங்கியது. அக்கா ஒரு பழைய பால்மாத் தகர ரின்னைக் கொண்டுவந்து என் கையில் வைத்தா. பாரமாக இருந்தது. அப்பாடா என்றுதான் முதலில் நினைத்தேன்.

திறந்தால், முழுக் குளிசை ஒன்றும் இல்லை. எல்லாம் பாக்குவெட்டியால் வெட்டிய பாதிகள்.

"என்னக்கா, டொக்டர் அரைவாசி போடச் சொன்னவரோ?"

"இல்லைப் பிள்ளை. போன வாடையிலை உங்கடை வீட்டிலை தம்பிக்குக் குளிசை முடிஞ்சு போச்செல்லோ. அதுக்குப் பிறகு இவர் பாதியைப் போட்டிட்டுப் பாதியை ரின்னுக்கை போடுவார். அடுத்த வாடைக்கு ரெண்டு வீட்டுக்கும் காணும் எண்டவர். எனக்கும் அது நல்ல யோசினையாத்தான் பட்டது."

அவ குரலில் எங்களைக் குறை சொல்லும் தொனியே இல்லை. அதுதான் என்னை வதைத்தது. அதனால்தான் அண்ணை செத்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை, சொல்லவும் ஏலாது. ஆனால் அந்த ரின்னைச் சாமித்தட்டிலும் வைக்க முடியாமல் குசினியிலும் வைக்க முடியாமல் அன்று முழுக்கக் கையோடு கொண்டு திரிந்தேன். பயமாக இருந்தது. கோபமும் வந்தது. தனக்கு மிஞ்சித்தானே தானம், அறிவு கெட்ட மனிசன் என்று கல்வேலியைப் பார்த்து வாய்விட்டே ஏசினேன். ஏசிவிட்டு அழுதேன்.

இவர் தொடவே மாட்டேன் என்று நின்றார். "அது அண்ணையின்ரை உயிரப்பா. என்னாலை விழுங்கேலாது."

"விழுங்காட்டி உங்களுக்கும் எட்டு வைக்கிறதுதான். பிறகு ரின்னை ஆருக்குக் குடுக்கிறது?"

இரண்டு பாதிகளைச் சேர்த்துக் கையில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

அன்றிலிருந்து விடிந்ததும் அக்கா கல்வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பா. "தம்பி போட்டாச்சோ?" ஓம் என்ற பிறகுதான் போவா. சில நாளில் இவர் தண்ணீர் குடிக்கும்போது தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பா. இவர் இருமினால் எனக்கு அது அண்ணையின் இருமலாகவே கேட்டது. முற்றத்தில் நிற்கவே மனம் கூசியது.

தை பிறந்து கடல் அடங்கியது. படகு ஓடியது, கிளினிக்கில் புதுக் குளிசையும் கிடைத்தது. ரின்னைக் கழுவி, அக்காவிடம் திருப்பிக் கொடுக்கக் குசினித் தட்டில் கவிழ்த்து வைத்தேன். ஒருநாள் காலையில் பார்த்தால் அது நிமிர்ந்திருந்தது. எடுத்து ஆட்டினேன். உள்ளே ஏதோ கிலுங்கியது.

ஒரு பாதிக் குளிசை.

திரும்பினேன். இவர் பாக்குவெட்டியோடு நின்றார்.

"அடுத்த வாடை வருந்தானே," என்றார். "அக்காவுக்கும் இப்ப நெஞ்சு நோகுதாம்."

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"தம்பி போட்டாச்சோ?"

"ஓமக்கா," என்றார் இவர்.

நான் அந்தப் பாதியை எடுத்து அவர் வாய்க்கு நேரே நீட்டினேன். அவர் விழுங்கும்வரை கையை இறக்கவில்லை.